கார் டாஷ்போர்டில் எரியும் சின்னங்கள்: எது எரிந்தால் என்ன செய்ய வேண்டும்? முழுமையான வழிகாட்டி

சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் பத்துப் பதினைந்து சின்னங்கள் ஒன்றாக எரிகின்றன, சில நொடிகளில் ஒவ்வொன்றாக அணைகின்றன. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அதில் ஒன்று மட்டும் மறுபடி எரிந்தால்தான் பதற்றம் வருகிறது. இது என்ன? உடனே நிறுத்த வேண்டுமா? வீடு வரை போய்விடலாமா?

எல்லாச் சின்னங்களையும் மனப்பாடம் செய்ய வேண்டிய அவசியம் இல்லை. எரியும் விளக்கு நமக்கு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது: வண்டியின் எந்தப் பகுதியில் சிக்கல், நமக்கு எவ்வளவு அவகாசம். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று எந்த விளக்கும் சொல்வதில்லை. அதைத் தெரிந்துகொள்ள யாராவது பானெட்டைத் திறந்து பார்த்தாக வேண்டும், அல்லது ஸ்கேனரை மாட்டிப் பார்க்க வேண்டும். இதைப் புரிந்துகொள்ளாமல்தான் ஒரு பக்கம் நல்ல பாகங்களைக் கழற்றி எறிகிறார்கள், இன்னொரு பக்கம் சிவப்பு விளக்கோடு இன்ஜினை ஓட்டிக் கெடுக்கிறார்கள்.

முதல் படி: நன்றாக இருக்கும் வண்டியின் டாஷ்போர்டைப் பழகிக்கொள்ளுங்கள்

வண்டியில் எந்தக் கோளாறும் இல்லாத ஒரு நாளில் இதைச் செய்யுங்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்யுங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால் பெரும்பாலும் பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அழுத்தினால் இந்த நிலைக்கு வரும். சில வண்டிகளில் இரண்டு முறை அழுத்த வேண்டும். இப்போது எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரியும். வண்டி தன் விளக்குகளைத் தானே சோதித்துக்கொள்ளும் நேரம் இது. ஏர்பேக் விளக்கும், கடுமையாக பிரேக் போடும்போது சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ் அமைப்பின் விளக்கும் சில நொடிகளில் அணைந்துவிடும். ஆயில், பேட்டரி, இன்ஜின் ஆகிய மூன்றும் ஸ்டார்ட் செய்யும் வரை எரிந்துகொண்டே இருக்கும். இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அவையும் அணைய வேண்டும்.

அப்படியே செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வண்டியோடு வந்த கையேட்டைத் திறந்து, படத்தில் உள்ள ஒவ்வொரு சின்னத்துக்கும் நேராக அதன் பெயரைப் பாருங்கள். ஒரு மாலை நேரம் போதும். சின்னங்களுக்கு ஐ.எஸ்.ஓ 2575 என்ற சர்வதேசத் தரம் இருப்பதால் பெரும்பாலான படங்கள் எல்லா நிறுவன வண்டிகளிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் ஸ்பானர் போன்ற சில சின்னங்களை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி பயன்படுத்துகிறது. ஒரு வண்டியில் அது சர்வீஸ் தேதி நெருங்கிவிட்டது என்ற நினைவூட்டல், இன்னொன்றில் இன்ஜின் அல்லது கியர்பாக்ஸ் கோளாறு. அதனால் கையேட்டுக்கு மாற்று இல்லை.

சோதனையின்போது எரியவே எரியாத விளக்கையும் கவனியுங்கள். பழைய கார் வாங்கப் போகும்போது இது மிக முக்கியம். ஏர்பேக் விளக்கோ இன்ஜின் விளக்கோ இக்னிஷன் ஆன் செய்தும் எரியவில்லை என்றால், ஒன்று பல்பு போயிருக்கிறது, அல்லது கோளாறை மறைக்க யாரோ அதைத் துண்டித்திருக்கிறார்கள். காரணம் தெரியாமல் அந்த வண்டிக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

இரண்டாம் படி: முதலில் நிறம், அப்புறம் படம்

ஓட்டும்போது படத்தை உற்றுப் பார்த்துப் புரிந்துகொள்ள நேரம் இருக்காது. நிறத்தை ஒரே பார்வையில் பிடித்துவிடலாம்.

சிவப்பு என்றால் ஆபத்து. பாதுகாப்பான இடம் கிடைத்தவுடன் நிறுத்த வேண்டும். மஞ்சள் அல்லது ஆரஞ்சு என்றால் ஏதோ ஒன்று சரியாக வேலை செய்யவில்லை, வண்டி ஓடும், ஆனால் விரைவில் காட்ட வேண்டும். பச்சை என்றால் நீங்கள் ஆன் செய்த ஒன்று இயங்குகிறது. நீலம் பெரும்பாலும் ஹை பீமுக்கு மட்டும். சில வண்டிகளில் இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று காட்டவும் நீல நிறத் தெர்மாமீட்டர் வரும். கொஞ்ச தூரம் ஓடியதும் தானாக அணைந்துவிடும், அதுவரை ஆக்ஸிலரேட்டரை மென்மையாக மிதித்தால் போதும்.

இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொன்று, விளக்கு நிலையாக எரிகிறதா, விட்டு விட்டு மின்னுகிறதா என்பது. இதற்கு எல்லா விளக்குக்கும் ஒரே விதி கிடையாது. இன்ஜின் விளக்கு மின்னினால் நிலைமை மோசம். ஆனால் வழுக்கும் கார் சின்னம் மின்னினால் அந்த வசதி நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம். டயர் அழுத்த விளக்கு சிறிது நேரம் மின்னிவிட்டு நிலையாக எரிந்தால் அதற்கு வேறொரு அர்த்தம். ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் சொல்கிறேன்.

மூன்றாம் படி: சிவப்பு விளக்குகளை நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஆயில் அழுத்தம். நீண்ட மூக்கு வைத்த எண்ணெய்க் குவளை, மூக்கு நுனியில் ஒரு சொட்டு. இது ஆயிலின் அளவைக் காட்டுவதாகப் பலர் நினைக்கிறார்கள். சிவப்பாக எரிந்தால் அது அழுத்தத்தைப் பற்றியது. இன்ஜினுக்குள் கிராங்க் ஷாஃப்ட்டும் பேரிங்குகளும் ஒன்றையொன்று தொடாமல், நடுவில் மெல்லிய ஆயில் படலத்தின் மேல்தான் சுழல்கின்றன. அழுத்தம் போய்விட்டால் அந்தப் படலம் இல்லை, உலோகத்தோடு உலோகம் உரசும். சில நிமிடங்களிலேயே இன்ஜின் மொத்தமாகக் கெட்டுவிடலாம். அதனால்தான் சொல்கிறேன், இந்த விளக்கு எரிந்த பிறகு 'அடுத்த பங்க் வரைக்கும் போய்ப் பார்க்கலாம்' என்ற பேச்சே வேண்டாம்.

ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். சமதரையில் ஐந்து பத்து நிமிடம் விட்டு, ஆயில் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். அளவு கீழ்க் கோட்டுக்கும் கீழே இருந்தால் சரியான தரத்தில் ஆயில் ஊற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். விளக்கு அணைந்தால் வண்டியை எடுக்கலாம், ஆனால் ஆயில் எங்கே போனது என்பதைக் கண்டுபிடித்தாக வேண்டும். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிகிறது என்றால் பம்ப், சென்சார், அடைப்பு என எதுவாகவும் இருக்கலாம். சென்சார்தான் கெட்டிருக்கும் என்று நம்பி ஓட்டாதீர்கள். வண்டியை இழுத்துச் செல்லும் செலவு, இன்ஜின் செலவின் பக்கத்தில்கூட வராது.

வளைவில் திரும்பும்போது அல்லது ஐடிலிங்கில் நிற்கும்போது மட்டும் ஒரு கணம் எரிந்து அணைகிறதா? பெரும்பாலும் ஆயில் குறைந்திருக்கிறது. அன்றே பாருங்கள். இதே குவளை மஞ்சள் நிறத்தில், அடியில் ஓர் அலைக்கோட்டோடு வந்தால் அது அளவு குறைவு. அவசரம் கொஞ்சம் குறைவு.

இன்ஜின் சூடு. அலைகளில் மிதக்கும் தெர்மாமீட்டர். சிவப்பில் எரிந்தால், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது. நிறுத்த இடம் கிடைக்கும் வரை ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில், ஃபேனை முழு வேகத்தில் வையுங்கள். இன்ஜின் சூட்டின் ஒரு பங்கு கேபினுக்குள் வந்துவிடும். வியர்த்துக் கொட்டும், பரவாயில்லை. இடம் கிடைத்ததும் அணையுங்கள்.

இனி வருவது கண்டிப்பாகப் பின்பற்ற வேண்டியது: சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியையோ கூலன்ட் டப்பாவின் மூடியையோ திறக்கவே கூடாது. உள்ளே இருப்பது அழுத்தத்தில் அடைபட்ட, 100 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான திரவம். மூடி தளர்ந்த கணத்தில் அழுத்தம் இறங்கி, கொதித்து, முகத்தை நோக்கிப் பீய்ச்சும். குறைந்தது அரை மணி நேரம் காத்திருங்கள். கையால் தொட்டால் சுடாத நிலை வந்த பிறகு, துணியை மேலே போட்டு மெதுவாகத் திறக்கலாம். கொதிக்கும் இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் தவறு. திடீர்க் குளிர்ச்சியில் உலோகம் விரிசல் விடலாம்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. மீட்டர் முள் சிவப்பில் இருந்துவிட்டு சட்டென்று குளிர்ந்த நிலைக்கு இறங்கினால் நிம்மதியடையாதீர்கள். கூலன்ட் முழுவதும் ஒழுகிப் போயிருந்தால் சென்சாரைச் சுற்றித் திரவமே இருக்காது, அதனால் குறைந்த சூட்டைக் காட்டக்கூடும். அந்த நேரத்தில் இன்ஜின் உள்ளே வெந்துகொண்டிருக்கும். சிலிண்டர் ஹெட் வளைவதும் கேஸ்கெட் போவதும் இப்படி ஓட்டும் கடைசிச் சில கிலோமீட்டர்களில்தான்.

பேட்டரி. ஒரு பெட்டி, ஒரு பக்கம் கூட்டல் குறி, மறுபக்கம் கழித்தல் குறி. ஓடும்போது இது எரிந்தால் பேட்டரி சார்ஜ் ஆகவில்லை என்று பொருள். குற்றவாளி பெரும்பாலும் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், அதைச் சுழற்றும் பெல்ட், அல்லது கழன்ற ஒயர். அவசரப்பட்டுப் புதுப் பேட்டரி வாங்கிப் போட்டால் அதுவும் சார்ஜ் இறங்கி நிற்கும். நல்ல நிலையில் உள்ள 12 வோல்ட் பேட்டரி, வண்டி நிற்கும்போது ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். பெரும்பாலான வண்டிகளில் இன்ஜின் ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் நீங்களே பார்க்கலாம். ஓடும்போதும் 12 சொச்சத்திலேயே நின்றால் சார்ஜ் வரவில்லை.

மேலே சொன்ன இரண்டைப் போல இல்லாமல், இந்தச் சிவப்பு விளக்கில் உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. ஏ.சி., பாட்டு, சீட் ஹீட்டர், செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இன்ஜினை அணைக்காமல் நேராக ஒர்க்‌ஷாப்புக்குப் போகலாம். பேட்டரியில் மிச்சம் இருக்கும் மின்சாரம் தீரும் வரை வண்டி ஓடும். அது அரை மணி நேரமாகவும் இருக்கலாம், அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். நடுவில் அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. ஆனால் இதோடு சேர்ந்து ஸ்டியரிங் கனமாகிவிட்டாலோ சூட்டு முள் ஏறத் தொடங்கினாலோ நிறுத்திவிடுங்கள். பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் அதே பெல்ட்தான் தண்ணீர்ப் பம்பையும் சுழற்றுகிறது. பெல்ட் அறுந்திருந்தால் சில நிமிடங்களில் இன்ஜின் கொதிக்கும்.

பிரேக். வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி, இரு பக்கமும் அடைப்புக்குறி போன்ற வளைவுகள். முதலில் ஹேண்ட் பிரேக்கைப் பாருங்கள். ஒரு பல் இறங்காமல் இருந்தாலும் இது எரியும். முழுவதும் இறக்கியும் எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கக்கூடும். மெதுவாக பிரேக்கை மிதித்துப் பாருங்கள். பெடல் வழக்கம்போல உறுதியாக இருந்தால் மிக மெதுவாக அருகில் உள்ள மெக்கானிக் வரை போகலாம். பெடல் மெத்தென்று உள்ளே போனாலோ தரை வரை இறங்கினாலோ ஓட்டக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும்போதே அப்படி ஆகிவிட்டால் பெடலை வேகமாகப் பல முறை மிதியுங்கள், கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுங்கள். ஒரேயடியாக இழுத்தால் பின் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும்.

பிரேக் ஆயில் குறைந்தால் ஊற்றி நிரப்பிவிட்டு மறந்துவிடக் கூடாது. பிரேக் பேட் தேயத் தேய, அதை அழுத்தும் காலிப்பருக்குள் அதிக ஆயில் போய் நிற்கும், டப்பாவில் மட்டம் இறங்கும். ஆக அது பேட் தேய்ந்ததன் அறிகுறியாக இருக்கலாம், அல்லது எங்கோ கசிகிறது. இரண்டையும் பார்க்காமல் ஊற்றினால் எச்சரிக்கைதான் மறையும். ஊற்றுவதாக இருந்தாலும் மூடியில் எழுதியிருக்கும் தரத்தில், டாட் 3 அல்லது டாட் 4 என்று குறிப்பிட்டதை மட்டும் ஊற்றுங்கள். இன்ஜின் ஆயில் ஒரு சொட்டு கலந்தாலும் ரப்பர் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும்.

சிவப்பு பிரேக் விளக்கும் மஞ்சள் ஏ.பி.எஸ் விளக்கும் ஒன்றாக எரிந்தால் முன் பின் சக்கரங்களுக்குப் பிரேக் விசையைப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பும் செயலிழந்திருக்கலாம். கடுமையாக பிரேக் போட்டால் பின் சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்ளும். தனித்தனியாக எரிவதைவிட இது மோசமானது, ஓட்டாமல் இருப்பதே நல்லது.

ஏர்பேக். உட்கார்ந்திருக்கும் ஆள், அவர் முன்னால் ஒரு பெரிய பந்து. வண்டி ஓட்டத்தில் எந்த மாற்றமும் தெரியாது, அதனால் மாதக்கணக்கில் அப்படியே விட்டுவிடுகிறார்கள். இந்த விளக்கு எரியும்போது விபத்து நடந்தால் ஏர்பேக் விரியாமல் போகலாம், சீட் பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் கருவியும் வேலை செய்யாமல் போகலாம். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிறக் கனெக்டர்கள் இருக்கும்; சீட்டை முன்னும் பின்னும் நகர்த்துவதிலும், அடியில் பொருளைத் திணிப்பதிலும் அவை தளர்ந்து விளக்கு எரிவது அடிக்கடி நடப்பதுதான். ஆனால் அவற்றை நீங்களே பிடுங்கிச் செருகாதீர்கள். அந்த ஒயரின் மறுமுனையில் வெடித்து விரியும் கருவி இருக்கிறது. பயிற்சி பெற்றவர் பேட்டரியைத் துண்டித்துவிட்டுச் செய்ய வேண்டிய வேலை அது. 'பயணி ஏர்பேக் ஆஃப்' என்று தனியாக ஒரு விளக்கு இருந்தால் அது வேறு. முன் சீட்டில், பின்னோக்கிப் பார்க்கும் குழந்தை சீட்டை வைக்கும் கட்டாயம் வந்தால் அந்த விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்க வேண்டும். ஏர்பேக் செயலில் இருக்கும் இடத்தில் அந்தச் சீட்டை வைப்பது குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

சீட் பெல்ட் விளக்கைப் பற்றி விளக்க ஒன்றும் இல்லை. ஆனால் அதன் சத்தத்தை நிறுத்துவதற்காகவே வெறும் கொக்கியை வாங்கிச் செருகி வைப்பவர்களிடம் மன்றாடிக் கேட்கிறேன், அதைக் கழற்றி எறிந்துவிடுங்கள். ஏர்பேக், பெல்ட் கட்டிய உடலைத் தாங்குவதற்காக வடிவமைக்கப்பட்டது. பெல்ட் இல்லாமல் முன்னால் பாயும் உடலை, விரிந்துகொண்டிருக்கும் ஏர்பேக்கே காயப்படுத்தும்.

ஸ்டியரிங் வளையமும் ஆச்சரியக்குறியும் வந்தால் பவர் ஸ்டியரிங் உதவி நின்றுவிட்டது. வண்டி திரும்பும், ஆனால் பலம் கொடுத்துத் திருப்ப வேண்டும், குறிப்பாக மெதுவாகப் போகும்போது. பல்சக்கரத்துக்குள் தெர்மாமீட்டர் என்றால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது. நிறுத்தி ஆற விடுங்கள்.

நான்காம் படி: மஞ்சள் விளக்குகள்

மஞ்சளில் அதிகம் பேரைக் குழப்புவது இன்ஜின் வடிவ விளக்குதான். செக் இன்ஜின் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அமெரிக்காவில் 1996 முதல் புதுக் கார்கள் அனைத்திலும், ஐரோப்பாவில் 2001 முதல் பெட்ரோல் கார்களிலும் ஓ.பி.டி என்ற சுய சோதனை அமைப்பு கட்டாயமானது. அதன் முதல் நோக்கம் புகைக் கட்டுப்பாடு. புகையின் அளவு கூடும்படியான எந்தக் கோளாறைக் கண்டாலும் வண்டியின் கம்ப்யூட்டர் ஒரு குறியீட்டைச் சேமித்துவிட்டு இந்த விளக்கை எரியவிடும். அதனால்தான் வண்டி நன்றாக ஓடும்போதும் இது எரிகிறது. சில வண்டிகளில் பெட்ரோல் டேங்க் மூடியைச் சரியாக இறுக்காவிட்டால்கூட எரியும். முதலில் அதை இறுக்கிப் பாருங்கள். விளக்கு அணையச் சில நாள் ஓட்டம் தேவைப்படலாம்.

நிலையாக எரிந்து வண்டி வழக்கம்போல ஓடினால் சில நாட்களுக்குள் காட்டினால் போதும். இழுவை குறைந்தாலோ, குலுங்கினாலோ, வாசனை வந்தாலோ அன்றே காட்டுங்கள்.

விளக்கு மின்னினால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே வெளியே போகிறது. அது புகைக் குழாயில் உள்ள, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற அமைப்பு அந்தச் சூட்டில் உருகிவிடும். ஸ்பார்க் பிளக்கிலோ காயிலிலோ முடிந்திருக்க வேண்டிய சின்னச் செலவு, கன்வெர்ட்டர் மாற்றும் பெரிய செலவாக மாறுவது இப்படித்தான். வேகத்தைக் குறையுங்கள். மின்னுவது நிற்கவில்லை என்றால் வண்டியை நிறுத்துங்கள்.

குறியீட்டை நீங்களே படிக்கலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 துளைகள் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். செல்போனோடு ப்ளூடூத்தில் இணையும் சின்ன ஸ்கேனரை அதில் மாட்டினால் பி0301 (P0301) போன்ற ஓர் எண் வரும். பி (P) என்று தொடங்கினால் இன்ஜின், கியர்பாக்ஸ்; சி (C) என்றால் பிரேக், ஸ்டியரிங் பக்கம்; பி0301 என்றால் முதல் சிலிண்டரில் சரியாக எரியவில்லை. இங்கேதான் நிதானம் வேண்டும். பி0171 என்ற குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்கிறது. காரணம் கிழிந்த ஒரு ரப்பர்க் குழாயாக இருக்கலாம், காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்காக இருக்கலாம், பலவீனமான பெட்ரோல் பம்பாக இருக்கலாம். குறியீட்டைப் பார்த்ததும் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம், வேறு என்னென்ன சோதித்தீர்கள் என்று கேளுங்கள். சோதித்தவர் பதில் சொல்வார்.

ஏ.பி.எஸ் விளக்கு தனியாக எரிந்தால் சாதாரண பிரேக் வேலை செய்யும், ஆனால் கடுமையாக மிதித்தால் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளலாம். முன்னால் போகும் வண்டியோடு இடைவெளியைக் கூட்டி, ஈரச் சாலையில் கூடுதல் கவனத்தோடு ஓட்டுங்கள். வழுக்கிய தடத்தோடு கூடிய கார் சின்னம், வண்டி வழுக்கிப் போகாமல் பிடிக்கும் ஸ்திரக் கட்டுப்பாடு. மின்னினால் அது அப்போது சக்கரத்தைப் பிடித்து உங்களைக் காப்பாற்றுகிறது, வேகத்தைக் குறையுங்கள். நிலையாக எரிந்தால் கோளாறு. 'ஆஃப்' என்ற எழுத்தோடு எரிந்தால் யாரோ பட்டனை அழுத்தி அணைத்திருக்கிறார்கள்.

டயரின் குறுக்கு வெட்டுத் தோற்றம், நடுவில் ஆச்சரியக்குறி. பலருக்கு இது டயர் என்றே தெரிவதில்லை. அழுத்தம் குறைந்தால் எரியும். அமெரிக்க விதிப்படி, பரிந்துரைத்த அளவைவிட 25 சதவீதம் குறைந்ததும் எரிந்தாக வேண்டும். அங்கே 2007 செப்டம்பர் முதலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பர் முதலும் புதுக் கார்களில் இது கட்டாயம். 25 சதவீதம் என்பது பெரிய இறக்கம். விளக்கு எரியவில்லை என்பதால் காற்று சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. மாதம் ஒருமுறை, டயர் குளிர்ந்திருக்கும்போது கேஜ் வைத்துப் பாருங்கள். குளிர்காலக் காலையில் எரிந்து, ஓட ஓட அணைந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். வெப்பம் 5, 6 டிகிரி இறங்கினால் அழுத்தம் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ குறையும். ஏற்கெனவே காற்று எல்லைக்கு அருகில் இருக்கிறது, நிரப்புங்கள் என்பதுதான் அதன் செய்தி. ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் போல மின்னிவிட்டு நிலையாக எரிந்தால் டயர் அல்ல, சென்சாரில் கோளாறு. காற்று நிரப்பிய பிறகும் அணையாவிட்டால் ரீசெட் செய்ய வேண்டியிருக்கலாம். சில வண்டிகள் தனிச் சென்சார் இல்லாமல், சக்கரம் சுழலும் வேகத்தை ஒப்பிட்டுத்தான் காற்றைக் கணிக்கின்றன.

டீசல் வண்டிக்காரர்களுக்கு இன்னும் சில விளக்குகள் உண்டு. சுருண்ட கம்பிச் சுருள், ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக். அது அணைந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள், ஓடும்போது மின்னினால் கோளாறு. வடிகட்டியின் கீழே சொட்டுகள் என்றால் டீசலில் தண்ணீர். சீக்கிரம் வடித்துவிட வேண்டும், தண்ணீர் இன்ஜெக்டர் வரை போனால் செலவு பெரிது. ஒரு பெட்டிக்குள் புள்ளிகள் என்றால் புகைக்கரி வடிகட்டி நிறைந்துவிட்டது. அந்தக் கரியை ஏறக்குறைய 600 டிகிரி சூட்டில் எரித்துத்தான் வண்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்கிறது. நகருக்குள் நின்று நின்று ஓடினால் அந்தச் சூடு வராது. விளக்கு எரிந்ததும் நெடுஞ்சாலையில் பதினைந்து இருபது நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். தள்ளிப் போட்டால் இன்ஜின் விளக்கும் சேர்ந்துகொள்ளும், இழுவை குறையும், ஒர்க்‌ஷாப்பில் கருவி மாட்டித்தான் எரிக்க வேண்டிவரும். தினமும் குறுகிய தூரம் மட்டும் ஓட்டுபவருக்கு டீசல் வண்டி பொருத்தமானதே இல்லை என்பது என் கருத்து.

சில டீசல் வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யத் தனி டேங்கில் ஊற்றும் திரவமான ஆட்ப்ளூ குறைந்தால், இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று பின்னோக்கி எண்ணும். பூஜ்யம் ஆன பிறகு அணைத்தால் பல வண்டிகள் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. அதைத் தவறுதலாக டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் இக்னிஷனைக்கூட ஆன் செய்யாமல் உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள்.

ஐந்தாம் படி: லைட் சின்னங்கள்

ஹெட்லைட் சின்னங்களில் கோடுகளைப் பாருங்கள். நேரான கோடுகளோடு நீலம் என்றால் ஹை பீம், எதிரில் வருபவரின் கண்ணைக் கூசச் செய்கிறீர்கள். கீழ்நோக்கிச் சாய்ந்த கோடுகளோடு பச்சை என்றால் லோ பீம். கோடுகளை ஓர் அலைக்கோடு வெட்டினால் ஃபாக் லைட். சாய்ந்த கோடு, பச்சை என்றால் முன்பக்கம், நேர்கோடு, மஞ்சள் என்றால் பின்பக்கம். பனி விலகிய பிறகும் பின் ஃபாக் லைட்டை எரியவிட்டுப் போனால் பின்னால் வருபவருக்கு அது பிரேக் லைட் போலத் தெரியும். இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாக மின்னினால் அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கக்கூடும்.

பெட்ரோல் பம்ப் சின்னத்தின் பக்கத்தில் உள்ள சின்ன முக்கோணம், டேங்க் மூடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டுகிறது. ஃபோர்டில் வேலை செய்த ஜிம் மோய்லன் 1986-ல் இந்த யோசனையை எழுதிக் கொடுத்தார். 1989 மாடல்களில் வந்தது. வாடகைக் கார் எடுப்பவர்கள் தினமும் அவருக்கு நன்றி சொல்லலாம்.

மின்சாரக் காரிலும் ஹைப்ரிடிலும் முக்கியமானது 'ரெடி' விளக்கு. சத்தமே இல்லாவிட்டாலும் வண்டி புறப்படத் தயாராக இருக்கிறது. அதை அணைக்காமல் இறங்காதீர்கள், குழந்தைகளை உள்ளே விட்டு இறங்கவே இறங்காதீர்கள். ஆமைச் சின்னம் வந்தால் சார்ஜ் தீரப்போகிறது அல்லது பேட்டரி மிகவும் குளிர்ந்தோ சூடாகவோ இருக்கிறது, அதனால் சக்தியைக் குறைத்துவிட்டது. மின்சாரக் காரிலும் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி உண்டு. பழைய பாணிச் சிவப்பு பேட்டரி சின்னம் பொதுவாக அதைப் பற்றியது. பானெட்டுக்குள் ஆரஞ்சு நிற ஒயர் எதையும் தொடாதீர்கள், அதில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் ஓடுகிறது.

ஆறாம் படி: ஓடும்போது எரிந்தால் செய்ய வேண்டியவை

திடீரென்று பிரேக் போடாதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு ஓரத்துக்கு வாருங்கள். வண்டி முழுவதும் நிற்கும் வரை இக்னிஷனை அணைக்கக் கூடாது. அணைத்தால் ஸ்டியரிங் உதவி போய்விடும், பிரேக்கும் ஓரிரு முறை மிதித்த பிறகு கல் மாதிரி ஆகிவிடும். சாவி போடும் வண்டி என்றால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளலாம். நின்றதும் ஹசார்டு போட்டு, போக்குவரத்து வேகமாக இருந்தால் எல்லோரும் சாலையைவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

அப்புறம் டாஷ்போர்டைப் படம் எடுங்கள். என்ன வேகத்தில் இருந்தீர்கள், மழையா வெயிலா, மேடேறும்போதா, என்ன சத்தம் கேட்டது என்று எழுதி வையுங்கள். ஒர்க்‌ஷாப் போய்ச் சேர்வதற்குள் விளக்கு அணைந்துவிட்டால் இந்தக் குறிப்புதான் மெக்கானிக்குக் கிடைக்கும் நேரடிச் சாட்சி.

ஒரே நேரத்தில் ஐந்தாறு விளக்குகள் எரிந்தால் ஐந்தாறு கோளாறு என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் காரணம் ஒன்றாகவே இருக்கும். சக்கரத்தின் வேகத்தை அளக்கும் ஒரு சென்சார் போனால் ஏ.பி.எஸ், ஸ்திரக் கட்டுப்பாடு, மேட்டில் வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் வசதி மூன்றும் ஒன்றாக எரியும், ஏனென்றால் மூன்றும் அதே சென்சாரைத்தான் நம்பியிருக்கின்றன. பலவீனமான பேட்டரியில் ஸ்டார்ட் செய்தால் சம்பந்தமே இல்லாத விளக்குகள்கூட எரியும். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு ஸ்டியரிங், ஸ்திரக் கட்டுப்பாடு விளக்குகள் எரிந்து, கொஞ்ச தூரம் ஓடியதும் அணைவதும் உண்டு.

ஏழாம் படி: சரிசெய்த பிறகு

குறியீட்டை அழித்து விளக்கை அணைப்பது எளிது. ஸ்கேனரில் ஒரு பட்டன் போதும். ஆனால் அழிக்கும்போது கோளாறு வந்த கணத்தில் இன்ஜின் என்ன சூட்டில், என்ன வேகத்தில் இருந்தது என்று கம்ப்யூட்டர் சேமித்து வைத்த பதிவும் போய்விடும். ஆகவே நீங்களே ஸ்கேனர் வைத்திருந்தாலும், குறியீட்டைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள், மெக்கானிக் பார்க்கும் முன் அழிக்காதீர்கள். சரியாகப் பழுது பார்த்திருந்தால், அழிக்காவிட்டாலும் தொடர்ந்து மூன்று ஓட்டச் சுழற்சிகளில் (ஸ்டார்ட் செய்து, ஓட்டி, அணைப்பது ஒரு சுழற்சி) அந்தக் கோளாறு திரும்ப வரவில்லை என்று உறுதியானதும் செக் இன்ஜின் விளக்கு தானாகவே அணைந்துவிடும்.

அழித்த உடனே புகைப் பரிசோதனைக்குப் போகாதீர்கள். குறியீட்டோடு சேர்ந்து சுய சோதனை முடிவுகளும் அழிந்திருக்கும், ஓ.பி.டி.யைப் பார்த்துச் சான்று தரும் இடங்களில் 'சோதனை முடியவில்லை' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். நகரச் சாலையிலும் நெடுஞ்சாலையிலுமாகச் சில நாள் ஓட்டிவிட்டு, ஸ்கேனரில் எல்லாச் சோதனைகளும் முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். அதற்குள் அதே குறியீடு திரும்பி வந்தால், மாற்றிய பாகத்தின் பில்லையும் பழைய குறியீட்டையும் எடுத்துக்கொண்டு அதே ஒர்க்‌ஷாப்புக்குப் போய் மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள்.